தொலைவு யார் தந்தது?

விடியுமுன்பே விழித்துக்கொள்கிறது பெரும்பாக்கம். எட்டடுக்கு வீடுகள், வரிசை வரிசையாக, ஒன்றைப்போல் மற்றொன்று. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். கூவத்தின் கரையிலிருந்தும், அடையாற்றின் கரையிலிருந்தும், பக்கிங்காம் கால்வாயின் ஓரத்திலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே நடப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. இருள் பிரியாத அந்த நேரத்திலே பேருந்து நிறுத்தத்தில் சீருடை அணிந்த சிறுவர் கூட்டமொன்று நிற்பதைக் காணலாம். தோளிலே புத்தகப் பை, கையிலே சோற்றுப் பாத்திரம், கண்ணிலே தூக்கம்.

அவர்களில் ஒருத்தியை அணுகி, "ஏனம்மா, இத்தனை தொலைவிலா உன் பள்ளிக்கூடம்?" என்று கேளுங்கள்.

"இல்லீங்க, எங்க வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு" என்பாள்.

எவ்வளவு எளிய விடை! எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு! பள்ளி நகரவில்லை. பிள்ளை ஓடிப்போகவில்லை. பெற்றோர் மனைவாங்கிக் குடிபெயரவில்லை. ஆனாலும் அவளுக்கும் அவள் பள்ளிக்கும் இடையே பல கிலோமீட்டர் முளைத்துவிட்டது. விதைத்தவர் யார்? தண்ணீர் ஊற்றியவர் யார்? அறுவடை செய்கிற வேலை மட்டும் ஏன் அந்தச் சிறுமிக்கு?

நாம் இங்கே ஆராயப் புகுவது போக்குவரத்துத் துறையின் கணக்கையல்ல, ஓர் அறக்கேள்வியை. ஒரு பிள்ளைக்கும் அதன் பள்ளிக்கும் இடையே தொலைவை உண்டாக்கியவர் ஒருவர் என்றால், அந்தத் தொலைவைக் கடக்கவேண்டிய கடமை யாருடையது?

மலைமேலே பிறந்த குழந்தைக்குத் தொலைவை இயற்கை தந்தது என்று சொல்லலாம். காடும் மேடும் கடந்து அது பள்ளிக்கு வரும்போது, அதற்குக் கைகொடுப்பது அரசின் அருள் என்றுகூடச் சிலர் வாதிடலாம். அந்த வாதத்தையும் நாம் ஏற்பதில்லை என்பது வேறு செய்தி. பெரும்பாக்கத்துப் பிள்ளையின் தொலைவோ, மலையிலே பிறந்ததல்ல, மேசையிலே பிறந்தது. கோப்பிலே கருவாகி, கையொப்பத்திலே உருவாகி, மண்வாரி எந்திரத்தின் வாயிலே வெளிப்பட்டது. மனிதன் உண்டாக்கிய தொலைவு அது. மனிதன் உண்டாக்கியதற்கு மனிதன் பொறுப்பு. இதிலே தலைவிதிக்கு இடமேது?

தலைவிதியை ஏற்காதவர்கள் நாம். "அவன் தலையெழுத்து" என்று எவரேனும் சொன்னால், எழுதிய பேனா எங்கே, மை எங்கே என்று கேட்கிறவர்கள். ஆனால் தோழர்களே, "அவர்கள் வீடு தொலைவில்; என்ன செய்வது!" என்று நாமே சொல்லும்போது, தலைவிதிக்கு வேறொரு பெயர் சூட்டிப் பூசை செய்கிறோம் என்பதை உணர்கிறோமா?

நம் வாயிலில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அனகாபுத்தூர் வாழைநாரிலும் புடவை நெய்து பேரெடுத்த நெசவாளர்களின் ஊர். 2021-ஆம் ஆண்டு நவம்பரில், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, அனகாபுத்தூரும் அதில் ஒன்றாயிற்று. வரைபடத்திலே கோடு மாறியது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2025 மே மாதத்தில் வேறுவகைக் கோடு வந்தது. அடையாற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று சொல்லி, நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் முதலிய இடங்களிலே வீடு காட்டப்பட்டது. இம்முறை வரைபடம் அப்படியே இருந்தது; மக்கள் நகர்த்தப்பட்டார்கள்.

ஆறு பொங்கும் என்பது பொய்யல்ல. 2015 திசம்பரில் அடையாறு என்ன செய்தது என்பதை முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மறக்கவில்லை. நீர்வழி காக்கப்படவேண்டும் என்று சொல்வோரை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் மே மாதத்திலே வீடு போயிற்று. சூனிலே பள்ளி மணி அடித்தது. அனகாபுத்தூரில் அடித்த மணி பெரும்பாக்கத்துப் பிள்ளையின் காதிலே எப்படி விழும்? இடையிலே பம்மல், பல்லாவரம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் என்று எத்தனை ஊர்கள்! இடிக்க எந்திரம் வந்த அதே வேகத்தில், பிள்ளைகளை ஏற்றிச்செல்லப் பேருந்தும் வந்து நின்றிருக்கவேண்டாமா?

"அங்கேயே பள்ளி இருக்கிறதே! அதிலே சேர்ந்தால் என்ன?" என்று கேட்பர்.

சேரலாம், பலர் சேரவும் சேர்ந்தனர். அந்தப் பள்ளிகள் வளரவேண்டும். அங்கே பாடுபடும் ஆசிரியர்களை நாம் போற்றுகிறோம். குழந்தைகளின் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பள்ளி மாறும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தரவேண்டும், அது தாமதமாவதைக் காட்டிப் புதிய பள்ளி கதவைச் சாத்தக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் பள்ளி மாற்றுவது உரிமை, கட்டளையாகக் கூடாது. பத்தாம் வகுப்பின் நடுவிலே நிற்கும் மாணவனிடம், உன் ஆசிரியரை விடு, உன் நண்பரை விடு, நீ பாதி படித்த பாடத்தைப் புதிய இடத்தில் மீதி படி என்று சொல்வது அறிவுரையா, தண்டனையா? வீட்டை இழந்த பிள்ளைக்கு உலகிலே மாறாமல் மிஞ்சியிருப்பது அந்தப் பள்ளி ஒன்றுதான். அதையும் பறிக்கவா வேண்டும்?

மேலும், கண்ணகி நகரின் வரலாறு நமக்குத் தெரியும். செம்மஞ்சேரியின் வரலாறும் தெரியும். வீடுகள் முன்னே வந்தன. பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் பின்னே, மெல்ல மெல்ல வந்தன. அந்த 'மெல்ல' என்னும் சொல்லுக்குள்ளே எத்தனை பிள்ளைகளின் படிப்பு புதைந்துபோயிற்று! மூன்றாம் வகுப்பை ஒரு குழந்தை ஒருமுறைதான் படிக்கிறது. பள்ளி கட்டி முடியும்வரை வளராமல் இரு என்று அதனிடம் சொல்லமுடியுமா?

"கட்டணமில்லாமல் பயணம் செய்யப் பாஸ் தந்திருக்கிறோமே!" என்பர் வேறு சிலர்.

தந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. அரசுப் பேருந்திலே மாணவர் கட்டணமின்றிப் போகலாம் என்பதும், 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்பதும் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க செயல்கள். ஆனால் பாஸ் என்பது ஏறும் உரிமை, அதுவே பேருந்தாகிவிடாது. நிற்காமற்போகும் வண்டியிடம் பாஸை நீட்டி என்ன பயன்? நின்றாலும், அலுவலகக் கூட்டம் பிதுங்கும் வண்டியிலே பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது படிக்கட்டின் ஓர் ஓரம்.

2012-ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். தென்சென்னைப் புறநகர் அவ்வாண்டிலே இருமுறை கதறியது. சூலை 25 அன்று, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ச் சாலையிலே, தனியார் பள்ளி வண்டியின் அடித்தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து மாண்டாள். நாடே அதிர்ந்தது, உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது, பள்ளி வண்டிகளுக்கென்று தனி விதிகள் அவ்வாண்டிலேயே வந்தன. தகுதிச் சோதனை, வேகக் கட்டுப்பாடு, உடன்வர ஓர் உதவியாளர் என்று ஒழுங்குகள் பிறந்தன. வேண்டிய விதிகள், ஓர் உயிரை விலையாகப் பெற்றுக்கொண்டு பிறந்த விதிகள்.

திசம்பர் 10 அன்று, பெருங்குடியிலே, நெரிசல் மிகுந்த மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிச்சென்ற மாணவர் நால்வர் லாரி மோதி மாண்டனர். அப்போதும் நீதிமன்றம் கேட்டது. கதவு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் ஊரார் பலர் என்ன சொன்னார்கள்? "படியிலே தொங்குவது கொழுப்பு" என்றார்கள். ஓட்டை வழியே விழுந்தவளுக்காக அழுதோம். படியிலிருந்து விழுந்தவனை ஏசினோம். உள்ளே இடமிருந்தும் தொங்குகிற குறும்பர் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இடமில்லாததால் தொங்குகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோமா? எண்ணாமலே தீர்ப்புச் சொன்னோம். நாமும் சொன்னோம், தோழர்களே. வேளச்சேரி வண்டியிலே சன்னலோரம் அமர்ந்துகொண்டு, "காலிப் பயல்கள்" என்று நாமும் முணுமுணுத்திருக்கிறோம். பணம் கட்டிப் போகிற பிள்ளைக்கு வண்டியும் விதியும் உண்டு. அரசுப் பள்ளிக்குத் தொலைவிலிருந்து வருகிற பிள்ளைகள் பலருக்குத் தனி வண்டியே இல்லை; வண்டியே இல்லாதபோது வண்டிக்கான விதி யாரைக் காக்கும்?

"செலவுக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி.

கணக்குக் கேட்கிறவர்களுக்குக் கணக்கே சொல்வோம். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 220 வேலைநாள், 1000 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்பது கல்விச் சட்டத்தின் அளவு. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று கொள்வோம். நாளுக்கு மூன்று மணி. ஆண்டுக்கு 660 மணி. வகுப்பறையில் 1000 மணி இருப்பதற்கு, வழியிலே 660 மணி செலுத்துகிறது அந்தப் பிள்ளை! நகரின் நடுவே நிலம் விலை மிகுதி, புறநகரிலே மலிவு, ஆகவே அங்கே வீடு கட்டினோம் என்பார்கள். நிலத்திலே மிச்சப்படுத்திய பணம் எங்கும் போய்விடவில்லை. அதை அந்தப் பிள்ளை, தன் தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் வீட்டுப்பாடத்திலிருந்தும் எடுத்து, நாள்தோறும் தவணை கட்டி வருகிறது. செலவு இல்லாமற் போகவில்லை. சீமான் தோளிலிருந்து சிறுவன் தோளுக்கு மாறியிருக்கிறது.

இங்கேதான் உதவிக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளவேண்டும். உதவி என்றால், தந்தவன் பெருமைப்படலாம். கடன் என்றால், தராதவன் வெட்கப்படவேண்டும். தெருவிலே ஒருவன் குழி வெட்டுகிறான். உங்கள் வீட்டு வாசலுக்கும் வீதிக்கும் நடுவே வெட்டுகிறான். பிறகு அதன்மேல் ஒரு பலகையைப் போடுகிறான். அவனை வள்ளல் என்று வாழ்த்துவோமா? பலகை போடாவிட்டால், "பாவம், வசதியில்லை" என்று விட்டுவிடுவோமா? இடம்பெயர்க்கப்பட்ட பிள்ளைக்கு அரசு அனுப்பும் பேருந்து அந்தப் பலகை. அதற்கு மாலை வேண்டாம்; திறப்புவிழா வேண்டாம்; காலையிலே நேரத்துக்கு வந்தால் போதும்.

தொலைவையும் வண்டியையும் கொண்டு மனிதரைத் தள்ளிவைப்பது உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவிலே டொபீகா என்னும் ஊரில் லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமிக்கு வீட்டருகே ஒரு பள்ளி இருந்தது. அது வெள்ளையர் பள்ளி. ஆகவே அவள் இருப்புப்பாதை ஓரமாக நடந்து, பேருந்து ஏறி, தொலைவிலுள்ள கறுப்பர் பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது. 1954-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவினை செல்லாது என்றது. 1971-இல், பிள்ளைகளைப் பேருந்திலே ஏற்றிச்சென்றேனும் பள்ளிகளை ஒன்றாக்கலாம் என்றது. 1974-இல் பாஸ்டன் நகரிலே கறுப்பினப் பிள்ளைகள் வந்த பள்ளிப் பேருந்துகள்மீது கல்லெறிந்தார்கள். "சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பலாமா?" என்று உருகினவர்கள் அவ்வெதிர்ப்பாளர்கள்! லிண்டா தன் வீட்டருகிலிருந்த பள்ளியைக் கடந்து தொலைவுக்குப் போனபோது அந்த உருக்கம் எங்கே இருந்தது? அவர்கள் எதிர்த்தது பேருந்தையல்ல. அது போய்ச்சேரும் இடத்தை. அதே 1974-இல் டெட்ராய்ட் வழக்கிலே, நகரத்துக்கும் புறநகருக்கும் இடையிலுள்ள பள்ளி மாவட்ட எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்க நீதிமன்றம் மறுத்தது. மனிதன் போட்ட கோடு, மதிலாகிவிட்டது.

அங்கே நிறம், இங்கே சாதி. 'ஊர்' ஒருபுறம், 'சேரி' மறுபுறம் என்று நம் முன்னோர் கிழித்த கோட்டைவிடக் கொடிய பள்ளி எல்லை உலகில் உண்டா? தள்ளிவை, தொலைவில் வை, கண்ணுக்கு எட்டாமல் வை என்பது வருணத்தின் முதற்பாடம். 1920-களின் இறுதியில், இராமநாதபுரம் மாவட்டத்திலே தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தன. மாவட்டக் கழகத் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுக்கும் வண்டியின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். வண்டிக்காரர் மனம் திருந்தட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, கெஞ்சவுமில்லை. சாலை பொதுச்சாலை, ஆகவே அதிலோடும் வண்டி எல்லார்க்கும் உரியது என்று கண்டார்; ஆணையிட்டார். 1929 பிப்ரவரியில், நம் தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டிலே, முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. வண்டியில் ஏறும் உரிமையை அன்று வென்றோம். வண்டி வருமா என்று காத்திருக்கும் பிள்ளைகளில் பெருவாரியோர் இன்றும் எந்த மக்களின் பிள்ளைகள் என்று பாருங்கள்! ஊருக்கு வெளியே இருந்தது சேரி. மாநகருக்கு வெளியே எழுந்தது எட்டடுக்கு. மண்சுவர் போய்க் கற்காரைச் சுவர் வந்தது. தொலைவு மட்டும் போகவில்லை.

இனி, நம் தோழர்களே எழுப்பக்கூடிய கேள்விக்கு வருவோம். "பேருந்து கேட்பது பெயர்த்தெறிவதை ஒப்புக்கொள்வதாகாதா? வண்டிதான் விடுகிறோமே என்று சொல்லி, இன்னும் ஆயிரம் குடும்பங்களை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்ட மாட்டார்களா?"

கூர்மையான கேள்வி. இதற்கு விரைந்து விடைசொல்வது நேர்மையாகாது. பலகை போட்டுவிட்டால் எங்கும் குழி வெட்டலாம் என்று எண்ணுகிறவர் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆகவே முதல் முழக்கம், இருக்குமிடத்துக்கு அருகிலேயே வீடு கொடு என்பதுதான். அதை நாம் கைவிடவில்லை. ஆனால் அந்த வழக்கு முடியும்வரை பிள்ளையைக் குழிக்குள் நிற்கவைக்க நமக்கு உரிமையில்லை. கொள்கையின் தூய்மைக்காக ஒரு குழந்தையின் ஆண்டைப் பலியிடுவது, தெய்வத்துக்கு ஆடு வெட்டுகிற செயலின் மறுபதிப்பு. கேட்கிறபோதே தெளிவாகக் கேட்போம்: பேருந்து நட்டஈடு, இசைவுச் சீட்டன்று. பலகை கேட்டவன் குழியை மன்னித்தவனாகான்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், 1985-இல், மழைக்காலம் முடியுமட்டும் அகற்றவேண்டாம் என்று உச்சநீதிமன்றம் காலம் தந்தது. மழைக்கு இரக்கம் காட்டலாம் என்றால், தேர்வுக்கு ஏன் காட்டக்கூடாது? 2022-இலே, சென்னை கோவிந்தசாமி நகரிலே, நீதிமன்ற ஆணையின் பேரில் ஏப்ரல் இறுதியில் இடிப்புத் தொடங்கியது. மே 5-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும், மே 6-இல் பத்தாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு தொடங்கியது. வீட்டை எதிர்த்து வழக்காடிய முதியவர்களுக்கு நீதிமன்றம் இருந்தது; வினாத்தாளை எதிர்நோக்கிய பிள்ளைகளுக்கு எந்த மன்றம் இருந்தது? அந்த இடிப்பின்போது ஒருவர் தீக்குளித்து உயிர் நீத்தார். பிறகுதான் எந்திரம் நின்றது. உயிர் போனபிறகு நிற்கத் தெரிந்த எந்திரத்துக்குத் தேர்வு முடியும்வரை நிற்கத் தெரியாமற்போனது ஏன்?

நாம் கேட்பவை பெரியவையல்ல. கல்வியாண்டின் நடுவிலே எந்தக் குடும்பத்தையும் பெயர்க்காதே. பெயர்ப்பதற்கு முன்னே, வீட்டின் கதவெண்ணை எழுதுகிற ஏட்டிலேயே அங்குள்ள பிள்ளையின் பள்ளியையும் வகுப்பையும் எழுது. பழைய பள்ளியிலே தொடர விரும்பும் பிள்ளைக்கு, அந்தக் கட்டப் படிப்பு முடியுமட்டும், குடியிருப்பின் வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை பேருந்து அனுப்பு. தனியார் பள்ளி வண்டிக்கு விதித்த காவலெல்லாம் அந்த வண்டிக்கும் வேண்டும். வீட்டுக்கு அடிக்கல் நாட்டுகிற அன்றே பள்ளிக்கும் நாட்டு. வரைந்தவர் கடன் இவ்வளவுதான்.

வரைந்தவர்க்குச் சொன்னோம், நமக்கு என்ன சொல்லிக்கொள்வது? மன்றம் வைத்திருக்கிறோம், படிப்பகம் வைத்திருக்கிறோம், மேடையிலே கல்வியின் மேன்மையை மணிக்கணக்கில் பேசுகிறோம். ஒரு திங்கட்கிழமை காலை, ஆறு மணிக்கு, பெரும்பாக்கத்து நிறுத்தத்திலோ செம்மஞ்சேரி நிறுத்தத்திலோ ஒரு குறிப்பேட்டுடன் போய் நிற்போம். எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள், எத்தனை வண்டிகள் நின்றன, எத்தனை நிற்காமற் போயின, எத்தனை பேர் படியிலே தொங்கினார்கள், எத்தனை பேர் திரும்பி வீட்டுக்கு நடந்தார்கள் என்று எழுதுவோம். ஒரு வாரம் எழுதினால் போதும். அந்த ஏடு எந்தச் சொற்பொழிவையும்விட உரக்கப் பேசும். மாற்றுச் சான்றிதழுக்காக அலையும் தாய்க்குத் துணையாக ஒரு நாள் பள்ளி அலுவலகத்துக்குப் போவோம். சட்டம் அவள் பக்கம் இருப்பதை எடுத்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அது நம் வாயாக இருக்கட்டும்.

அடுத்தமுறை பேருந்தின் படிக்கட்டிலே ஒரு சிறுவன் தொங்குவதைக் காணும்போது, ஏசுமுன் ஒரு கேள்வி கேட்போம், அவனிடமன்று, நம்மிடம்: இவனுக்கும் இவன் பள்ளிக்கும் இடையே இத்தனை தொலைவைத் தந்தது யார்?

விடை தெரிந்தபின் சும்மா இருப்பது நமக்கு அழகன்று. அவன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வோம். அது முதல் வேலை. மறுநாள் குறிப்பேட்டை எடுப்போம்.